ரியாத்ல கடை திறந்தது உண்மைதான்... ஆனா அது உங்க சம்பளத்துக்கு இல்ல!

வளைகுடா ஆஃபர் வந்தா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு போட்ட வீடியோவுக்குக் கீழே நிறைய கேள்விகள் வந்திருந்தது. வரி, என்ஆர்இ அக்கவுன்ட், பிஎஃப் பற்றியெல்லாம் தனித்தனியா எழுதுறேன். ஆனா ஒரு கேள்வி மட்டும் வேற வேற வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வந்தது. "ப்ரோ, சவுதியில இப்போ சரக்குக் கடையே திறந்துட்டாங்களாமே, இனிமே துபாய்க்கும் ரியாத்துக்கும் என்ன வித்தியாசம்?"

பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல இது எதுக்குன்னு சிலருக்குத் தோணலாம். குடிக்கிறது சரியா தப்பாங்கிறது என் வேலை இல்லை. ஒரு நாட்டோட மத நம்பிக்கையை எடை போடறதும் என் வேலை இல்லை. ஆனா சவுதியில மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருத்தரோட மொத்த நிதித் திட்டத்தையும் ஒரே ராத்திரியில காலி பண்ணக்கூடிய விஷயங்களில் இதுவும் ஒண்ணு. ஷேர் மார்க்கெட் 30% விழுந்தாகூட காத்திருந்தா திரும்ப ஏறலாம். இதுல விழுந்தா ஏற முடியாது. அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: "சவுதி மாறிடுச்சு" என்ற செய்தியை நம்பி முடிவெடுக்காதீங்க. மாற்றம் வந்திருக்கிறது பணக்காரங்களுக்கு. சட்டம் அப்படியே இருக்கிறது உங்களுக்கு.

அந்தக் கடைக்குள்ள யார் போகலாம்?

2024 ஜனவரியில் ரியாத்தின் தூதரகப் பகுதியில் ஒரு கடை திறக்கப்பட்டது. எழுபது வருஷத்துக்கு மேல அங்கே சட்டப்படி மது விற்கிற கடையே கிடையாது. அதனால உலகம் முழுக்க அது தலைப்புச் செய்தி ஆச்சு. ஆனா அது யாருக்காகத் திறந்தது? முஸ்லிம் அல்லாத வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளுக்காக. அவங்களும் சும்மா போய் வாங்க முடியாது. ஆப்ல பதிவு பண்ணி, வெளியுறவு அமைச்சகத்தோட அனுமதி வாங்கணும். கடைக்குள்ள போகும்போது போனை உறைக்குள்ள வச்சு மூடணும். மாசத்துக்கு 240 புள்ளிகள் என்று ஒரு கோட்டா. விஸ்கி மாதிரி ஸ்பிரிட் ஒரு லிட்டருக்கு 6 புள்ளி, ஒயினுக்கு 3, பீருக்கு 1. கணக்கு போட்டா மாசம் 40 லிட்டர் விஸ்கி வருது! ஒரு ஆளுக்கு இது தாராளம்தான், அது வேற விஷயம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதுக்கு முன்னாடி தூதரகப் பார்சல்களில் கட்டுப்பாடே இல்லாம மது வந்துட்டு இருந்தது, அதுல ஒரு பகுதி கள்ளச்சந்தைக்கும் போச்சு. அந்தப் பார்சல் வழியைக் கட்டுப்படுத்தறதுக்காகத்தான் கடைங்கிறது அரசுத் தரப்பு சொன்ன காரணம். அதாவது "திறந்து விட்டாங்க"ன்னு நாம படிச்ச செய்தி, அவங்க பார்வையில ஒரு ஓட்டையை அடைச்ச செய்தி.

அடுத்த மாற்றம் 2025 கடைசியில். பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாம, அதே கடை முஸ்லிம் அல்லாத பிரீமியம் ரெசிடென்சிக்காரங்களுக்கும் திறந்திருக்குன்னு செய்தி நிறுவனங்கள் எழுதின. பிரீமியம் ரெசிடென்சின்னா என்ன? 2019-ல கொண்டு வந்த திட்டம். ஸ்பான்சர் இல்லாமலே தங்கலாம். வருஷத்துக்கு 1 லட்சம் ரியால், இல்லைன்னா நிரந்தரமா 8 லட்சம் ரியால் கட்டணம். ஒரு ரியால் 23 ரூபாய்னு வச்சா, வருஷத்துக்கு 23 லட்சம், அல்லது மொத்தமா 1 கோடியே 84 லட்சம். டாக்டர், விஞ்ஞானி, பெரிய முதலீட்டாளர் மாதிரி ஆட்களுக்குக் குறைஞ்ச கட்டணத்திலயும் சில பிரிவுகள் பின்னாடி வந்திருக்கு. அதுக்கப்புறம் மாசம் 50,000 ரியால் சம்பளம் காட்டறவங்களையும் அனுமதிக்கிறாங்கன்னு செய்தி வந்தது. நம்ம கணக்குல மாசம் பதினொன்றரை லட்சம் ரூபாய்.

இதைப் படிக்கிறவங்கள்ல மாசம் பதினொன்றரை லட்சம் வாங்கறவங்க இருந்தா, தயவுசெஞ்சு நீங்க எனக்கு அட்வைஸ் சொல்லுங்க. மத்தவங்க மேல படிங்க.

ஏன் இப்படி ஒரு நம்பிக்கை பரவுது?

காரணம் புரியாம இல்லை. 2018 ஏப்ரல்ல சினிமா தியேட்டர் திரும்ப வந்தது. அதே வருஷம் ஜூன்ல பெண்கள் கார் ஓட்ட ஆரம்பிச்சாங்க. 2019-ல டூரிஸ்ட் விசா. அப்புறம் ரியாத் சீசன், கச்சேரி, கார் ரேஸ், குத்துச்சண்டை. யூடியூப்ல சவுதி விலாக் பார்த்தா எல்லாமே மின்னுது. ஒண்ணு ஒண்ணா திறந்தா அடுத்தது இதுதானேன்னு மனசு தானா கணக்கு போடும். ஷேர் மூணு மாசம் ஏறினா நாலாவது மாசமும் ஏறும்னு நினைக்கிற அதே மனசுதான்.

ஆனா இந்த ஒரு விஷயத்துல அவங்க திரும்பத் திரும்ப "இல்லை"ன்னுதான் சொல்லிட்டு இருக்காங்க. 2034 உலகக் கோப்பை கால்பந்து அங்கேதான் நடக்கப்போகுது. அப்போகூட ஹோட்டல்ல, ஸ்டேடியத்துல எங்கேயும் மது கிடையாதுன்னு பிரிட்டனுக்கான சவுதி தூதர் 2025 பிப்ரவரியில வானொலிப் பேட்டியில சொன்னார். அதுக்குச் சில மாசம் கழிச்சு, 2026-க்குள்ள நூற்றுக்கணக்கான சுற்றுலா இடங்களில் மது வரப்போகுதுன்னு ஒரு செய்தி சுத்துச்சு. மே மாசமே சவுதி அதிகாரி ஒருத்தர் அதை மறுத்துட்டார். மறுப்பு எத்தனை பேர் வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் ஆச்சு? முதல் செய்திதான் ஆச்சு.

தடைக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1951-ல ஜெத்தாவில் ஒரு விருந்துல, ஊத்தித் தர மறுத்ததுக்காக ஒரு இளவரசர் பிரிட்டிஷ் துணைத் தூதரைச் சுட்டுக் கொன்னுட்டார். அடுத்த வருஷம் மன்னர் அப்துல் அஜீஸ் நாடு முழுக்க வெளிநாட்டுக்காரங்களுக்கும் சேர்த்துத் தடை போட்டார். சுட்டது அரச குடும்பத்து ஆள். தடை எல்லாருக்கும். இதைப் படிச்சப்போ நம்ம ஆபீஸ் பாலிசிகள் ஞாபகம் வந்தது: ஒருத்தர் செஞ்ச காரியத்துக்கு எல்லாருக்கும் ஒரு புது ரூல்.

ஒரு பாட்டிலோட உண்மையான விலை

சரி, இக்காமாவுல சாதாரண வேலை விசாவுல இருக்கிற உங்களுக்குச் சட்டம் என்ன? குடிக்க, வாங்க, விற்க, வச்சிருக்க, உள்ளே கொண்டு வர, எதுக்கும் அனுமதி இல்லை. சென்னை ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீயில ரெண்டு பாட்டில் சட்டப்படி வாங்கியிருக்கலாம். அந்த பில் ரியாத் கஸ்டம்ஸ்ல எந்தப் பாதுகாப்பும் தராது. தண்டனை அபராதம், சிறை, வெளிநாட்டுக்காரங்களுக்கு நாடு கடத்தல். முன்னாடி கசையடி இருந்தது. 2020 ஏப்ரல்ல நீதிபதிகள் தங்கள் விருப்பப்படி கசையடி விதிக்கிற வழக்கத்தை உச்ச நீதிமன்றம் நிறுத்தி, அதுக்குப் பதிலா அபராதமோ சிறையோ கொடுக்கச் சொல்லிருச்சு.

போட்டோ போடற பழக்கம் இருக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. 2007-ல வந்த சைபர் குற்றச் சட்டத்துல, பொது ஒழுங்கு, மத மதிப்பீடுகள், பொது ஒழுக்கத்துக்கு எதிரான விஷயங்களை ஆன்லைன்ல பரப்பினா 5 வருஷம் வரை சிறை, 30 லட்சம் ரியால் வரை அபராதம்னு ஒரு பிரிவு இருக்கு. ரூம்ல எடுத்த ஒரு செல்ஃபியை ஸ்டேட்டஸ்ல வைக்கிறவங்க அந்தப் பிரிவை ஒரு தடவை படிச்சிட்டு வைக்கலாம்.

இப்போ நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். கள்ளச்சந்தையில ஒரு ஃபாரின் விஸ்கி பாட்டில் பல நூறு டாலர் வரை போகுதுன்னு சொல்வாங்க. அந்த விலையை விடுங்க, அது சின்னக் காசு. உதாரணத்துக்கு 8,000 ரியால் சம்பளத்துல ஆறு வருஷம் வேலை பார்த்த ஒரு இன்ஜினியரை எடுத்துக்கலாம். சவுதி தொழிலாளர் சட்டப்படி முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு முழு மாசச் சம்பளம், பணி முடிவுப் பலனா வரணும். அவருக்கு 20,000 கூட்டல் 8,000, மொத்தம் 28,000 ரியால். நம்ம பணத்துல 6 லட்சத்து 44 ஆயிரம்.

அதே சட்டத்துல 80-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தவறான நடத்தை, நேர்மைக்கும் மரியாதைக்கும் எதிரான செயல் நிரூபணமானா, நோட்டீஸும் இல்லாம பணி முடிவுப் பலனும் இல்லாம வேலையை விட்டு நீக்கலாம். மது கேஸ்ல மாட்டின ஊழியர் விஷயத்துல கம்பெனி எந்தப் பிரிவைத் தேடும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த 28,000 ரியால்கூட பெரிய நஷ்டம் இல்லைங்க. அவர் மாசம் ஒரு லட்சம் ரூபாய் ஊருக்கு அனுப்பிட்டு, இன்னும் நாலு வருஷம் இருந்து வீட்டுக் கடனை முடிக்கலாம்னு பிளான் போட்டிருந்தா, காணாம போறது 48 லட்சம். நாடு கடத்தப்பட்ட ஆளுக்குத் திரும்ப சவுதி வேலை விசாங்கிறது கிட்டத்தட்ட முடிஞ்ச கதை. ஊருக்கு வந்து இறங்கின மாசமே வீட்டுக் கடன் இஎம்ஐ வரும். ரெஸ்யூமேல "ஏன் திடீர்னு வந்துட்டீங்க"ங்கிற கேள்விக்குப் பதில் வேணும். அப்பாம்மாகிட்ட என்ன சொல்றதுங்கறது அதைவிடப் பெரிய கேள்வி.

இந்த ரிஸ்க்குக்கு எந்த இன்ஷூரன்ஸும் கிடையாது. நான் ஒரு எமர்ஜென்சி ஃபண்ட் எப்பவும் ஆறு மாசம்னு சொல்லுவேன். அது வேலை போனா தாங்கும். சிறையில இருந்துட்டு வர்றதைத் தாங்கற மாதிரி யாரும் கணக்கு போட்டு வைக்கிறதில்லை.

ரூம்ல காய்ச்சறது

இதைப் பத்தி வேகமா எழுதிட்டுப் போக மனசு வரலை. தடை இருக்கிற இடத்துல வாங்க முடியாதவன் காய்ச்சுவான். சவுதியில இதுக்குப் பேரே இருக்கு, "சித்தீக்கி". அரபியில "என் நண்பன்"னு அர்த்தம். வெள்ளைக்காரங்க இருக்கிற காம்பவுண்ட்ல திராட்சை ஜூஸ், சர்க்கரை, ஈஸ்ட் போட்டு ஒயின் பண்றதும் பழைய கதை. எழுபது வயசு தாண்டின ஒரு பிரிட்டிஷ்காரர், காருல வீட்டு ஒயின் பாட்டில் இருந்ததுக்காக 2014-ல பிடிபட்டு ஒரு வருஷத்துக்கு மேல சிறையில இருந்துட்டுத்தான் வெளியே வந்தார். அவருக்காகப் பேச அவங்க நாட்டுப் பிரதமர் அலுவலகமே இருந்தது. நமக்காகப் பேச யார் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா கேஸைவிடப் பெரிய பயம் மெத்தனால். பக்கத்து நாடு குவைத்திலயும் முழுத் தடைதான். 2025 ஆகஸ்ட்ல அங்கே கள்ளச்சாராயம் குடிச்சு 23 பேர் இறந்தாங்க. 160 பேர் பாதிப்புன்னு சுகாதார அமைச்சகம் சொன்னது. பெரும்பாலும் ஆசிய நாட்டுத் தொழிலாளர்கள். பல பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது, பல பேருக்குக் கண் பார்வை போச்சு. சுமார் 40 இந்தியர்கள் ஆஸ்பத்திரியில சேர்ந்ததா நம்ம தூதரகமே சொன்னது. இது நமக்குப் புது வார்த்தை இல்லை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேற்பட்டவங்க உயிரை எடுத்ததும் இதே மெத்தனால்தான்.

மெத்தனாலோட குணம் என்னன்னா, குடிச்ச உடனே பெரிசா எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சு வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்கறது, பார்வை பனி மூட்டம் மாதிரி மங்கறது எல்லாம் வரும். அந்த நேரத்துல ஆஸ்பத்திரி போனா காப்பாத்தற மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. ஆனா போனா போலீஸ் வரும், இக்காமா போகும்னு பயந்து ரூம்மேட்டுங்க மோர் கொடுத்துப் படுக்க வைப்பாங்க. அந்தப் பயம்தான் பார்வையையும் உயிரையும் எடுக்குது. இந்த ஒரு இடத்துல மட்டும் நான் பணக் கணக்கு பேசமாட்டேன். கூட இருக்கறவனுக்குப் பார்வை மங்குதுன்னா, வேலை போனாலும் பரவாயில்லைன்னு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

குடும்பத்துக்காக ஒரு வரி: டெர்ம் பாலிசியோட விபத்து ரைடர் எடுத்திருக்கறவங்க, விலக்குகள்னு ஒரு பக்கம் இருக்கும், அதைப் படிங்க. போதையில நடந்த மரணத்துக்கு அந்த ரைடர் பணம் பொதுவா வராது.

வளைகுடான்னா ஒரே ரூல் இல்லை

நம்ம ஊர்ல "துபாய் போயிருக்கான்"னா குவைத், கத்தார், சவுதி எல்லாமே அதுல அடங்கிடும். சட்டம் அப்படி இல்லை. துபாயில 21 வயசு தாண்டினவங்க பார்ல குடிக்கலாம், இலவச லைசென்ஸ் எடுத்துக் கடையில வாங்கலாம். 2023 ஜனவரியில தூக்கின 30% வரி 2025 ஜனவரியில திரும்ப வந்தாச்சு. அதே துபாய்லேர்ந்து அரை மணி நேரத்துல ஷார்ஜா, அங்கே கிடையவே கிடையாது. வாடகை கம்மின்னு ஷார்ஜாவுல தங்கிட்டு துபாய்ல வேலை பார்க்கிற நம்ம பசங்க நிறைய பேர், வாங்கின பாட்டிலோட அந்த எல்லையைத் தாண்டக்கூடாதுங்கிறதை நினைவுல வைக்கணும். கத்தார்ல குறிப்பிட்ட விற்பனையகத்துல மட்டும், வேலை பார்க்கிற இடத்துக் கடிதத்தோட பெர்மிட் எடுத்து வாங்கணும். 2019-லேர்ந்து 100% வரி வேற. 2022 உலகக் கோப்பைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஸ்டேடியத்துல பீர் கிடையாதுன்னு மாத்தினதும் அதே நாடுதான். ஸ்பான்சர் கம்பெனியோட கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தத்துக்கே அவ்வளவுதான் மரியாதை.

தம்மாம், கோபார், ஜுபைல் பக்கம் இருக்கறவங்களுக்கு 25 கிலோமீட்டர் பாலம் தாண்டினா பஹ்ரைன். அங்கே சட்டப்படி கிடைக்கும். நிறைய பேர் போறாங்க. ஆனா அதுக்கு எக்சிட் ரீ-என்ட்ரி வேணும், ஒரு தடவைக்கு 200 ரியால். ஹோட்டல், சாப்பாடு, டாக்ஸி எல்லாம் சேர்த்தா ஒரு வீக்எண்ட் ஒரு எஸ்ஐபி தவணையைத் தின்னுடும். திரும்பும்போது போதையில ஓட்டினாலோ டிக்கியில ஒண்ணு இருந்தாலோ மேலே போட்ட கணக்குதான்.

இது நியாயமா?

கேட்பீங்க. ஒரு நாடு தன் மண்ணுல மது வேண்டாம்னு முடிவு பண்றது அதோட உரிமை. சம்மதம்னா போகணும், இல்லைன்னா போகக்கூடாது. எனக்கு உறுத்தறது வேற. மத நம்பிக்கைதான் காரணம்னா முஸ்லிம் அல்லாத கொத்தனாருக்கும் முஸ்லிம் அல்லாத முதலீட்டாளருக்கும் ஒரே பதில் வரணும். இப்போ வர்ற பதில் சம்பளச் சான்றிதழைப் பார்த்து மாறுது. இதுல ஏழை நாட்டுத் தொழிலாளிக்கு மிச்சம் இருக்கிறது சித்தீக்கியும் ஜெயிலும்தான். குவைத்ல செத்தவங்க யாரும் காம்பவுண்ட்ல நீச்சல் குளத்தோட இருந்தவங்க இல்லை.

அதைவிடக் கோபம் நம்ம ஊர் ரெக்ரூட்டர்கள் மேல. லேப்டாப் பாஸ்வேர்டு எப்படி வைக்கணும்னு ட்ரெயினிங் கொடுக்கிற கம்பெனி, 80-வது பிரிவைப் பத்தி ஒரு பக்கம் கொடுக்கலாம் இல்லையா? "அங்கே இப்போ எல்லாம் ஃப்ரீ சார்"னு சொல்லி ஆஃபரை முடிக்கிற கன்சல்டன்ட்கிட்ட அதையே மெயில்ல எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. எழுத மாட்டார்.

இதுல நல்ல பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். சென்னையிலயோ கோவையிலயோ வாரம் ரெண்டு தடவை உட்கார்ந்தா மாசம் 5,000 ரூபாய் சாதாரணமாப் போகும். அந்த 5,000 அஞ்சு வருஷம் எஸ்ஐபியா போய் 12% கிடைச்சதுன்னு வச்சா, போட்டது 3 லட்சம், கையில இருக்கிறது 4 லட்சத்து 12 ஆயிரம். சவுதி போய் முதல் முறையா பணம் மிச்சம் பண்ணக் கத்துக்கிட்டேன்னு சொல்றவங்க நிறைய. ஆல்கஹால் இல்லாத பீரும், ஆப்பிள் ஜூஸ்ல சோடா, பழத்துண்டு, புதினா போட்டுத் தர்ற "சவுதி ஷாம்பெய்ன்"னும் அங்கே எல்லா ஹோட்டல்லயும் உண்டு. ரெண்டாவது, நல்லாவே இருக்கும்.

அதனால, கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில். ரியாத், துபாய் ரெண்டு ஆஃபரும் கையில இருந்தா, முதல்ல உங்களை நீங்களே நேர்மையா பாருங்க. வருஷத்துக்கு நாலு தடவை கல்யாணத்துல, ரீயூனியன்ல குடிக்கிற ஆளா? ரியாத் போங்க, லீவுக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம். வியாழக்கிழமை ராத்திரி ஆனா கை நடுங்கற அளவுக்குப் பழக்கம் இருக்கா? துபாய் ஆஃபர் 15% கம்மியா இருந்தாலும் அதை எடுங்க, இல்லைன்னா போறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க. பழக்கம் உள்ளவங்க ஒரே நாள்ல நிறுத்தினா உடம்புக்கு ஆபத்து. அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்துல அது வந்தா, ரூம்மேட் நீட்டற கிளாஸை வேண்டாம்னு சொல்ற தெம்பு இருக்காது.